முள் எடுப்பவள்

கெய்யோன் துறைமுகத்தில், தகரக் கூரையின் கீழே
நாலு டிகிரிக் குளிரில் நாங்கள் நாற்பது பேர்.
பெல்ட்டில் வரும் சால்மன் துண்டங்களில்
இடுக்கியால் முள் பிடுங்குகிறோம்.
கண்ணுக்குத் தெரியாது.
விரல் வைத்துத் தடவ வேண்டும்.
சதைக்குள் எங்கோ ஒரு சின்ன எதிர்ப்பு தட்டும்,
அந்த இடத்தில் இழுக்க வேண்டும்.
பதினொரு வருஷம்.
என் விரல் பொய் சொன்னதில்லை.

இடப்பக்கம் யாஸ்னா நிற்பாள்.
இருபத்துமூன்று வயது,
மாதாமாதம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்.
புதுப்பிப்பவர் எலியேசர் பர்ரியா.
கழிப்பறைக்கு மஞ்சள் அட்டை தருபவரும் அவரே.
அட்டை அவருடைய கால்சட்டைப் பையில் இருக்கும்.
கேட்டால் எடுத்துத் தரமாட்டார்.
"எடுத்துக்கோ" என்பார்.

என்னைப்போல் வயதானவர்களுக்கு மட்டும்
மேஜைமேல் வீசுவார்.
அதை மரியாதை என்று நினைத்திருந்தோம்.

ஆகஸ்டில், மழை சாய்வாக அடித்த ஒரு வியாழக்கிழமை
பெட்டி எண்ண வரச்சொல்லி
ஐஸ் அறைக்கு அவளை அழைத்தார்.
பெட்டி எண்ண ஒரு ஆள் போதும்.
கதவின் ரப்பர் விளிம்பு
சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்தவளுக்கு ஒரு கையுறை இல்லை.
வெறுங்கையோடு மீனைத் தடவினாள்
முள் தேடுவதுபோல,
அல்லது அந்தக் கை இன்னும் தன்னுடையதுதானா
என்று பார்ப்பதுபோல.
நான் என் பெட்டியிலிருந்து ஒரு கையுறை தள்ளினேன்.
வலக்கைக்கு இடக்கையுறை.
அவ்வளவுதான் நான் செய்தது.

புகார் எழுதினாள்.
விசாரிக்க புவெர்த்தோ மோந்த்திலிருந்து ஒரு பெண் வந்தாள்,
ஈரத்தரைக்குப் பொருந்தாத செருப்போடு.
ஒவ்வொருவராக உள்ளே போனோம்.
கதவோரம் எலியேசர் நின்று
எல்லோருக்கும் காப்பி ஊற்றினார்.
எனக்கு இரண்டு சர்க்கரை.
கேட்காமலே போட்டார்.

"என்ன பார்த்தீர்கள்?"
"தலை நிமிர நேரமில்லை, அம்மா.
முள்ளைத்தான் பார்ப்பேன்."
சிரித்தாள், எழுதிக்கொண்டாள்.
ஒத்தீலியா வெந்தூரா என்று
கீழே கையெழுத்துப் போட்டேன்.
காப்பி இதமாக இறங்கியது.
எதை மறந்தாலும் அந்த இதம் மறக்கமாட்டேன் என்கிறது.

மகனின் படகுக்கடனைக் காரணம் சொல்லலாம்.
வரிசையில் நாற்பது பேர்,
நாற்பது கடன்.

செப்டம்பரில் யாஸ்னாவை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை.
ஒப்பந்தத் தாள் வரவில்லை,
அவ்வளவே.
அவள் போன அன்று பெல்ட்
ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.
அவள் இடத்தில் மரிசெல் வந்தாள், பத்தொன்பது வயது,
கையில் இன்னும் வெட்டுக்காயம் விழாதவள்.
முதல் நாளே கேட்டாள்:
"அக்கா, கழிப்பறைக்கு யாரிடம் சொல்லணும்?"

"நானும் கூட வருகிறேன்" என்றேன்.
இருவரும் போய் நின்றோம்.
"ஒரு அட்டைக்கு ஒரு ஆள்" என்றார் எலியேசர்
என்னைப் பார்க்காமல்,
பையைத் தட்டிக்காட்டி.

தொழிலாளர் அலுவலகம் வெள்ளிக்கிழமை மட்டும் திறக்கும்.
வரிசையில் நின்றேன்.
என் மீன் வாடைக்கு
முன்னால் நின்றவர் ஓரடி தள்ளிக்கொண்டார்.
ஜன்னலுக்குள் இருந்த பையன் கேட்டான்:
"புதுப் புகாரா?"
"இல்லை தம்பி. பழைய வாக்குமூலம்.
திருத்தணும்."
"அதுக்குப் படிவம் கிடையாதே."
"வெள்ளைத்தாள் இருக்கா?"

சுவரோடு தாளை வைத்து எழுதினேன்.
பேனா இடுக்கிபோல்தான் பிடிபட்டது.

ஆகஸ்ட், இரண்டாம் வியாழன்.
அவன் அவளை அழைத்தான்.
கதவு மூடியது.
திறந்தபோது
நான் பத்தொன்பது துண்டங்கள் முடித்திருந்தேன்.
ஒரு துண்டத்துக்கு முப்பது வினாடி.
பெருக்கிக்கொள்ளுங்கள்.